ஆட்டத் தலைவனும் ஆடுவோனும்: தெரிவுரிமை குறித்து ஓர் ஆய்வு

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது நம் இலக்கண மரபுக்கு உடன்பாடன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறார். செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு அதனையும் ஒப்ப எண்ணுகிறார். அவ்வுவகை எதனால் பிறக்கிறது என வினவின், ஆடுவோன் தானே ஒன்றைத் தெரிந்தெடுக்கிறான், அத்தெரிவால் ஆட்டம் மாறுகிறது என்பதனாலேயே எனலாம். அங்ஙனமாயின் ஆட்டத்தை நடத்துவோனுக்கு எத்துணை அதிகாரம் தகும்? நம் வட்டாரத்து ஆட்டங்களையும் கூத்தையும் துணைக்கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைநாடுகளில் இவ்வினாவைக் கூர்மையாக்கியது ஒரு புதுவகை ஆட்டம். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்பர். வேடம் சொல்லளவில்தான், ஒப்பனை இல்லை. ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர் எனப்படும் ஆட்டத் தலைவர். எதிரே இருண்ட குகை உள்ளது, என் செய்வீர் என்று அவர் வினவுவார். ஆடுவோர் தம் முடிவைக் கூறுவர். ஐயத்திற்குரிய இடத்தில் பகடை உருளும். விளைவைத் தலைவர் உரைப்பார். தெருக்கூத்தைக் கண்டு வளர்ந்தவர்க்கு இது முற்றிலும் அயலாகத் தோன்றாது.

இத்தலைவரின் முன்னோடி போர்க்களப் பயிற்சியில் இருந்தவர். பிரஷ்ய நாட்டுப் படைக்கென ரைஸ்விட்ஸ் என்பார் 1824இல் வகுத்தளித்த போராட்டத்தில் நடுவர் ஒருவர் உண்டு. அவ்வாட்டத்தின் விதிகளோ ஆடுவோரைச் சோர்வடையச் செய்யும் அளவுக்கு மிகுதி. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் படைத்தலைவர் விதிகளைப் பெரும்பாலும் களைந்து, முடிவை நடுவரின் பட்டறிவுக்கே விட்டுவிட்டார். ஏட்டு விதி எல்லா நிலைமைகளையும் முன்னறிய இயலாது என்பது அவர் செயலில் பொதிந்த கருத்து. ஆட்டத் தலைவரின் அதிகாரம் பிறந்தது இத்தேவையால்தான். ஆதலின் அதிகாரமே தீது என்பார் கூற்று ஏற்புடையதன்று.

இனி நம் ஆட்டங்களைக் காண்போம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தில் தெரிவு என்பதே இல்லை. உருட்டியது விழும், விழுந்தபடி நகர வேண்டும், பாம்பும் ஏணியும் எவருடைய அறிவையும் கேட்பதில்லை. மண்டபத்துக் கல்தரைகளில் கோடு கீறி ஆடப்பட்ட ஆடுபுலி இதற்கு நேர்மாறு. மூன்று புலி, பதினைந்து ஆடு. பகடைக்கு அங்கே வேலையில்லை. ஆடு வெட்டுண்டால் ஆடுவோனது கவனக்குறைவே காரணம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது தாயம். தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. அதில் ஆடுவோனுக்கு உரிமையில்லை. ஆயினும் விழுந்த ஐந்தை எக்காய்க்கு வைப்பது, எதிரியை வெட்டுவதா, பெருக்கல் குறியிட்ட காப்புக் கட்டத்தில் ஒதுங்குவதா என்பது முழுதும் அவன் உரிமை. ஈரோட்டுத் திண்ணைகளில் தாயக்கட்டையின் ஓசையைவிடக் காயைக் குறித்த வழக்கே உரத்துக் கேட்கும். அவ்வழக்குத்தான் ஆட்டத்தின் உயிர்.

இப்பாகுபாடு அரபு நூலார்க்கும் புலப்பட்டிருந்தது. கி.பி. 956இல் மறைந்த வரலாற்றறிஞர் அல்மஸ்ஊதீ தம் 'முரூஜுத் தஹப்' என்னும் நூலில் ஒரு சுவையான கருத்தைப் பதிவுசெய்துள்ளார். சதுரங்கம் கண்டவன் மனிதனின் விருப்புரிமையை நம்பும் முஃதஸிலாக் கொள்கையினன். பகடை உருட்டும் நர்து ஆட்டம் கண்டவனோ யாவும் விதிவழியே என்னும் ஜபரிய்யாக் கொள்கையினன் என இஸ்லாமியச் சிந்தனையாளர் ஒருவர் கூறினாராம். நகைச்சுவைபோல் தோன்றினும் இதன் பின்னே களா-கத்ர் பற்றிய நூற்றாண்டு வாதங்கள் உள்ளன. செயலைப் படைப்பவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று 'கஸ்பு' கொள்கையால் இடைவழி கண்டார் இமாம் அஷ்அரீ. இதனைத் தாயத்தோடு ஒப்பிடுதல் உவமை அளவிற்றே. இறையியலைக் கட்டத்துக்குள் அடைத்தல் தகாது. அன்றியும் நர்தை நபிமொழி கடிந்துரைக்கிறது. சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈண்டு நமக்கு வேண்டுவது ஒன்றே: தெரிவுக்கு எல்லை இருத்தல் வேறு, தெரிவே பொய்யாயிருத்தல் வேறு.

இப்பொய்க்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பாரதத்துச் சூதாட்டத்தில் தருமன் ஒவ்வொரு பணயத்தையும் தானே வைக்கிறான். எவரும் அவன் கையைப் பற்றி இழுக்கவில்லை. எனினும் சகுனியின் கவறுகள் அவன் தந்தையின் எலும்பால் ஆனவை, அவன் சொல்லுக்கேற்ப விழுபவை என்பது நாட்டார் வழக்கு. தருமனுக்குத் தெரிவு இருந்தது. அத்தெரிவுக்கு விளைவு இல்லை. மேசையாட்டத் தலைவர் சிலரும் இவ்வாறே செய்வர். இடப்பக்க வாயிலா, வலப்பக்க வாயிலா என்று கேட்பர். எதனைச் சொன்னாலும் அதே அரக்கனைக் கொணர்ந்து நிறுத்துவர். ஆடுவோர் அறியாதவரை தீங்கில்லை என்று இதற்கு அமைதி கூறுவோர் உளர். அறியாமையால் தருமனுக்கு நாடு மிஞ்சவில்லை என்பதை அவர்க்கு நினைவூட்டலாம்.

இன்று மாணவர் கைபேசியில் ஆடும் கதையாட்டங்களிலும் தெரிவுகள் உள. ஆயின் அவை முன்னமே எழுதி வைக்கப்பட்டவை. மூன்று விடை காட்டினால் நான்காவதைச் சொல்ல வழியில்லை. மனிதத் தலைவரின் பெருமை அந்த நான்காவது விடையில்தான் விளங்கும். நம் வகுப்பறைகளிலும் மூன்று விடையே எதிர்பார்க்கப்படுகின்றன என்பது வேறு கதை!

தெருக்கூத்தின் கட்டியங்காரனிடம் இத்திறன் இயல்பாய் அமைந்துள்ளது. பாத்திரங்களை வரவழைப்பவன், வினவுபவன், எள்ளுபவன், அவையோடு பேசுபவன் அவனே. அவையில் குழந்தை அழுதாலும், குடித்தவன் குறுக்கிட்டாலும் அதனையும் ஆட்டத்துள் இழுத்துக்கொள்வான். பாடல்கள் பெரிதும் வரையறுக்கப்பட்டவை. வசனமோ நடிகர் அவ்வப்போது பெருக்கிக்கொள்வது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையிலோ ஊராரே படுகளத்தில் மாண்டவராய் விழுவர். உடுக்கைப் பாடகர் கதையை நடத்துபவர்தாம். ஆயினும் விழுந்தவரை எழுப்பாமல் அவர் பாட்டை முடித்துக்கொள்ள இயலாது. தலைவரின் அதிகாரத்துடன் ஒட்டிய கடமை இது.

கர்ண மோட்சத்தில் கர்ணன் மாள்வான் என்பதை அவையும் அறியும், நடிகனும் அறிவான். ஒருவரும் அதனை மறைப்பதில்லை. ஆதலின் ஏமாற்றும் இல்லை. ஆனால் போருக்குப் புறப்படும் முன் பொன்னுருவியிடம் அவன் எவ்வளவு நேரம் வாதிடுவான், சினந்து பிரிவானா, கலங்கிப் பிரிவானா என்பதை வேடதாரியே தீர்மானிக்கிறான். அவை உருகினால் காட்சி நீளும். விடியல் நெருங்கினால் கட்டியங்காரன் இடையில் ஒரு கேள்வி கேட்டுக் கதையைக் களத்தை நோக்கித் திருப்புவான். அக்கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பது மட்டும் அப்போதும் கர்ணனிடமே இருக்கும்.