வெயில் காலத்து வீடும் தோட்டமும் ஊர் சுற்றலும்



தைப்பூசக் காவடியை இறக்கி வைத்த கையோடு வெயில் ஏறத் தொடங்கிவிடும். பால் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். பால் குறையும், வெட்டும் குறையும். குளிர் நாடுகளில் பனி விலகிக் கோடை பிறப்பதைக் கொண்டாடுகிறார்கள். நமக்குப் பனி ஏது? கெடா, செபராங் பிறை, பினாங்குப் பக்கத்தில் தை பிற்பகுதியும் மாசியும்தான் கோடையின் தொடக்கம். மழை குறைவு, வானம் தெளிவு, சாயங்காலம் வாசலில் உட்கார ஏற்ற காலம்.

இந்தப் பகுதியில் நான் எப்போதும் "அதைச் செய்யாதீர்கள், இதைத் தின்னாதீர்கள்" என்றே எழுதுகிறேன் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டது என் காதுக்கு வந்தது. நியாயம்தான். ஆகவே இம்முறை, செடி வையுங்கள், பிள்ளைகளை வெளியில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் டிரெசர் டிரெசர்தானே! ஒரு விஷயத்தில் மட்டும் கண் வைக்கச் சொல்வேன். அது தண்ணீர். குடிக்கிற தண்ணீர், வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கிற தண்ணீர், பிள்ளைகள் போய் இறங்குகிற தண்ணீர். வெயில் காலத்தில் என்னிடம் வருகிற நோய்களில் பாதி இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருபவை.

என் அக்கா தோட்டத்தை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. தோட்டம் விற்கப்பட்ட பிறகு மகனோடு பினாங்குக்குப் போய், இப்போது சுங்கை பினாங் ஆற்றோரத்து அடுக்குமாடி ஒன்றில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். உங்களில் பலருடைய உறவுக்காரர்களும் அப்படித்தான் இருப்பார்கள். லயத்து வீட்டில் முன்னால் முருங்கையும் பின்னால் வாழையுமாக இருந்தவர் மாடி வீட்டில் என்ன செய்வார்? நடைபாதைச் சுவரோரமாகப் பதினாறு பூச்சட்டி வைத்திருக்கிறார். மல்லிகை, துளசி, கறிவேப்பிலை, செரை, பாண்டான். காலையில் கோப்பிக்கு முன்னால் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் வேலை. "இதுக்குத் தண்ணி ஊத்தினாத்தான் எனக்குப் பசியாறவே மனசு வருது" என்பார். இது வெறும் பேச்சு அல்ல. குனிந்து நிமிர்ந்து மண்ணைக் கிளறுவது மூட்டுக்கு நல்லது, மனத்துக்கு அதைவிட நல்லது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்கார்ந்து உடம்பு கெட்டுப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செடி வளர்த்துக் கெட்டுப்போனவர் ஒருவரும் இல்லை.

முதலில் குடிக்கிற தண்ணீரைப் பார்ப்போம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவானது. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பம் அது. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் எச்சரிக்கை கொடுக்கும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களும் வெளிக்காட்டு வேலைக்காரர்களும் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை குடித்துவிட வேண்டும். போதுமா, போதாதா என்பதைச் சிறுநீர் காட்டிக் கொடுக்கும். வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கோப்பி நிறத்துக்குப் போனால் ஆபத்து. நம் பாட்டிமார் கொடுத்த நீராகாரத்துக்கு உப்புப் போட்டுக் குடித்தால் அதுவே நல்ல மருந்து. மோர், பார்லித் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லவை. (நீரிழிவுக்காரர்கள் பார்லியில் சீனி போடாதீர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீர் பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) வெயிலில் வேலை முடித்து வந்ததும் கள்ளுக்கும் சம்சுவுக்கும் ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது தாகத்தைத் தீர்ப்பது போல் இருக்கும், உள்ளே இருக்கும் நீரையும் வெளியேற்றிவிடும்.

ஒருவர் வெயிலில் நின்று தலைசுற்றி, வாய் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால் அது சாதாரண மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 999க்கு அழையுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

இனித் தேங்கி நிற்கிற தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டெங்கிக் காய்ச்சலில் இரத்தக் கசிவு உண்டாகும் கடுமையான வகை நம் நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டது 1962ல், இதே பினாங்கில்தான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது நம்மை விட்டுப் போகவில்லை. காரணம், அந்தக் கொசு சாக்கடைக் கொசு அல்ல. அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். நாம் ஆசையாக வளர்க்கும் மல்லிகைச் சட்டியின் அடித்தட்டு, மணி பிளாண்ட் வைத்த போத்தல், கொட்டாங்கச்சி, பழைய டயர், சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் பூக்கிண்ணம், இவையெல்லாம் அதற்குப் பிரசவ அறை. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

"இப்பத்தான் மழையே இல்லையே ஐயா, கொசு எங்கேருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை, மாதக் கணக்கில் காய்ந்து கிடக்கும். ஏப்ரல் வாக்கில் இடியோடு முதல் மழை பெய்து தட்டு நிறையும் நாளில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை தட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயில் காலத்தில் இதைச் செய்தால்தான் மழைக் காலத்தில் பலன் தெரியும்.

தோட்டத்தில் இன்னொன்று உண்டு. இலையுதிர் காலத்தில் வெட்டு நிறுத்திய மரங்களில் பால் மங்கு அப்படியே நிமிர்ந்து இருக்கும். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு குட்டிக் குளம். காட்டுப் பக்கத்து வரிக்கொசுவுக்கு இது மிகவும் பிடிக்கும். வெட்டு நிறுத்தும் நாளிலேயே மங்கைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மண்டோர்களும் இதைக் கவனித்தால் நல்லது. கொட்ட முடியாத பெரிய தொட்டிக்குச் சுகாதார இலாகா சொல்லும் அபேட் மணல் மருந்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்ற கணக்கில் போட வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப் புழு இருந்தால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதை இவ்வளவு நீட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி பத்து வயதுப் பேரனைக் கூட்டி வந்தார். மூன்று நாள் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் நோவு. மருந்து கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மறுநாளும் வரச் சொன்னேன். மறுநாள் பாட்டி மட்டும் சிரித்த முகத்தோடு வந்தார். "டிரெசரய்யா, புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுடுச்சுங்க. நல்லா தூங்குறான்" என்றார். நானும் "சரி பாட்டி, நல்லது" என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. சாயங்காலம் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கை கால் சில்லென்று இருந்தது, வயிற்று வலி, நாலைந்து முறை வாந்தி, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அவன் தூங்கவில்லை, சோர்ந்து கிடந்திருக்கிறான். வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து நல்லபடியாக வந்தான், இன்று லாரி ஓட்டுகிறான். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் நான் இதை எழுதும் விதமே வேறாக இருந்திருக்கும்.

டெங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். வெளியே பார்த்தால் குணமானது போல் இருக்கும், உள்ளே இரத்த ஓட்டம் குறைந்துகொண்டே போகும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் பிள்ளையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், அதிகச் சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, கை கால் குளிர்ச்சி, சிறுநீர் குறைவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்கிறீர்கள். அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை டெங்கி வந்தவருக்கு இனி வராது என்பதும் தவறு. அதில் நாலு வகைக் கிருமி உண்டு, இரண்டாம் முறை வருவது பெரும்பாலும் இன்னும் கடுமை.

சரி, ஊர் சுற்றப் போவோம். பள்ளி விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைப்பேன். அடுக்குமாடிக்குக் கீழே ஓடும் சுங்கை பினாங் ஆற்றைக் காட்டி, "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்பேன். கீழே பார்த்தால் கறுத்த தண்ணீர், மிதக்கும் பிளாஸ்டிக். பிறகு பஸ் ஏறி தண்ணீர்மலைப் பக்கம் தாவரப் பூங்காவுக்குப் போவோம். அங்கே பாறைகளுக்கு நடுவே சலசலவென்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதுதான் நீர்வீழ்ச்சி ஆறு, ஆயர் தெர்ஜூன். அதுவும் ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங் ஆகிறது. ஒரு காலத்தில் இந்த அருவித் தண்ணீரைத்தான் பட்டணமே குடித்தது, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் நிரப்பிக்கொண்டு போயின. அதே ஆறுதான் என்றால் பிள்ளைகள் நம்புவதே இல்லை!

அந்தப் பூங்கா 1884ல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பில் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாகலிங்க மரம் இருக்கிறது, பூத்திருந்தால் பெண்கள் அதன் அடியை விட்டு நகர மாட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போய் பத்துக்குள் நடையை முடித்துவிடுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பலகையே வைத்திருக்கிறார்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தாலே பறிக்க வரும். கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயில். படி ஏறும் இருதய நோயாளிகள் நின்று நின்று ஏறுங்கள், முருகன் காத்திருப்பார். காசு கொஞ்சம் இருந்தால் கொடிமலைக்கு ரயிலில் போகலாம். 1923லிருந்து ரயில் ஏறும் மலை அது, உச்சி 833 மீட்டர். கீழே வேர்த்து வடியும்போது மேலே நாலைந்து பாகை குறைவாக இருக்கும். கிழவர்களுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில், அருவியில் இறங்குவது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வானம் இங்கே வெளுத்திருந்தாலும் மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும். கலங்கினாலோ சருகுகள் அடித்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். இன்னொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சிறு காயம் வழியாக நோயைக் கொண்டு வரும். 2010ல் பகாங் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் சிலர் தண்ணீரிலும் மண்ணிலும் இருந்த கிருமிகளால் நோயுற்று இறந்தார்கள். சுங்கை பினாங் மாதிரிப் பட்டண ஆற்றில் பிள்ளைகள் கால் வைக்கவே விடாதீர்கள். 2017 நவம்பர் வெள்ளத்தின்போது அக்கா மகன் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டார் சைக்கிளை நகர்த்தினான். காலில் புண் இருந்ததால், இரண்டு வாரம் அவனைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். நல்ல வேளை, ஒன்றும் வரவில்லை. உல்லாசப் பயணம் போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், டாக்டரிடம் "தண்ணியில இறங்கினோம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறக்கலாம்.

போன முறை அக்கா வீட்டுக்குப் போனபோது பூச்சட்டித் தட்டுகளை எண்ணினேன். பதினாறு சட்டி, மூன்று தட்டுதான். மற்றவற்றை எடுத்துவிட்டு, அடியில் ஆற்று மணல் பரப்பியிருக்கிறார். மிச்சத் தட்டுகளைத் தேய்க்கப் பழைய பல் துலக்கும் தூரிகை ஒன்று குழாயடியில் தொங்குகிறது. அந்த வேலை ஞாயிற்றுக்கிழமை பேரனுடையது. ஒரு தட்டுக்குப் பத்துக் காசு கூலி கேட்கிறானாம். சங்கத்தில் சேர வேண்டிய பிள்ளை!

அடுத்த இதழில் பாம்புக்கடி பற்றி எழுதுகிறேன். கேள்வி இருந்தால் பெரட்டுக்கு வரும்போது என்னிடம் சொல்லுங்கள்.