ஆட்டிசம் குழந்தைக்குத் தனித் திடலா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் என்ற பேச்சை எடுத்தால் கோலார் தங்கவயலிலும் சரி, வேறெந்த ஊரிலும் சரி, இரண்டு விதமான பதில்கள் வரும். "அந்தப் பிள்ளைகள்தான் யாரோடும் சேருவதில்லையே, அவர்களுக்கு எதற்குத் திடல்?" என்பது ஒன்று. "பாவம், அவர்களுக்கென்று தனியாக ஒன்று கட்டிக் கொடுக்கலாம்" என்பது மற்றொன்று. முதலாவது மறுப்பு, இரண்டாவது பரிவு. ஆனால் இந்தக் குழந்தைக்கு மற்றக் குழந்தைகள் தேவையில்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான் இரண்டும் நிற்கின்றன. அந்த நம்பிக்கை தவறு. அதை வைத்துத் திடல் கட்டினால் திடலும் தவறாகத்தான் அமையும்.

இதன் வேர் பழையது. 1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் எழுதிய கட்டுரை, அவர்களுடைய தனிமை நாட்டத்தை முன்னிறுத்தியது. அதில் பலவும் இருந்தன. உலகம் பிடித்துக்கொண்டது தனிமையை மட்டும். ஓசை, வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-ல்தான் சேர்த்துக்கொண்டது. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் திடலில் நடப்பது வேறு மாதிரித் தெரியும். சறுக்குமரத்தடியில் பத்துப் பிள்ளைகள் கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற சிறுவனுக்கு அந்தப் பத்துப் பேர் மேல் வெறுப்பு என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அவனால் தாங்க முடியாதது சத்தம். ஒதுங்கி நிற்க ஒரு மறைவிடம் இருந்தால், அங்கிருந்து பார்த்துவிட்டுக் கூட்டம் குறைந்ததும் அவன் திரும்பி வரக்கூடும். நம் பார்க்குகளில் அந்த மறைவிடம் கிடையாது. ஆரவாரத்தின் நடுவில் நிற்க வேண்டும், முடியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும்.

"தங்கவயலில் மைதானத்துக்கா பஞ்சம்?" என்று கேட்கலாம். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் அறைகள் சின்னவை. அங்கே பிள்ளைகள் எப்போதும் வெளியில்தான் வளர்ந்திருக்கிறார்கள். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு வெற்றிடங்கள் இன்னும் கூடின. ஆனால் திறந்தவெளிதான் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பெரியவர்களின் பார்வையிலிருந்து நழுவி ஓட முயன்றிருக்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் குடும்பங்களிடம் எடுக்கப்பட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வு. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும், மாரிக்குப்பம் ரயில் பாதையும், மழைநீர் தேங்கும் பள்ளங்களும் உள்ள ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் தேவை ஊஞ்சல்கூட இல்லை. முழுச் சுற்று வேலியும், குழந்தையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் போட்ட கேட்டும்தான்.

மணலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊரைச் சுற்றி நிற்கும் சைனைட் மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் சுரங்கக் கழிவு கிடப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பார்க்க நைசான மணல். காசு கொடுக்காமல் அள்ளலாம். ஆனால் அது சைனைடு கொண்டு தங்கம் பிரித்தெடுத்த சக்கை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 23 சதவீதம் பேருக்கு மண், காகிதம் போன்றவற்றைத் தின்னும் பழக்கம் உண்டென்று 2021-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பொதுவாகக் குழந்தைகளிடம் அது 4 சதவீதத்துக்கும் குறைவு. விளையாட்டு மணல் வெளியிலிருந்து வர வேண்டும், திடலும் காற்றுக் காலத்தில் மேட்டுப் புழுதி வந்து விழாத பக்கமாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகும் என்பது அடுத்த நம்பிக்கை. விலையுயர்ந்த கருவிகளைப் புலன் பயிற்சிப் பூங்கா என்ற பெயரில் விற்பவர்களுக்கு இது வசதியான நம்பிக்கையும்கூட. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான ஆதாரங்கள் குறைவு, உறுதியான முடிவுக்கு வர முடியாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லேயே எச்சரித்தது. திடல் யாரையும் குணப்படுத்தாது, அப்படிச் சொல்லி அதை விற்கவும் கூடாது. குழந்தை விளையாடுவதற்கு மருத்துவக் காரணம் எதற்கு? உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டில் ஊஞ்சல், ஒளிந்துகொள்ள ஒரு பெரிய கான்கிரீட் குழாய், நிழல், எது எங்கே என்று காட்டும் படப் பலகை, கேட் தெரியும்படி போட்ட பெஞ்சு: இவ்வளவும் உள்ளூர்க் கொத்தனாரும் வெல்டரும் செய்யக்கூடியவை. பெஞ்சு சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடித்து ஓடும் பெற்றோர் நிறைந்த ஊரில், பிள்ளையோடு திடலுக்கு வருவது பெரும்பாலும் பாட்டிதான்.

பெங்களூரிலேயே முன்னுதாரணமும் இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய கிலிகிலி என்ற அமைப்பு, கோல்ஸ் பார்க் போன்ற மாநகராட்சிப் பூங்காக்களுக்குள்ளேயே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடங்களை உருவாக்கியது. புது நிலம் தேடாமல், ஊர் ஏற்கெனவே புழங்கும் பூங்காவை அவர்கள் திருத்தினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இங்கே ஒரு மறுப்பு வலுவானது. சில குழந்தைகளுக்கு எந்தக் கூட்டமும் ஆகாது. சிலர் பதற்றத்தில் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளியும் விடுவார்கள். அவர்களுக்குத் தனித் திடல்தானே நல்லது? அவர்களுக்குத் தேவை தனி நேரம். பிரிட்டனில் சில பேரங்காடிகள் குறிப்பிட்ட நேரத்தில் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து இவர்களுக்கு இடம் கொடுக்கின்றன. வாரத்தில் இரண்டு காலை வேளைகளை அப்படி அமைதியாக ஒதுக்கப் பெரிய செலவில்லை. தனித் திடல் கட்டினால் அது ஊருக்கு வெளியே போகும், யாரும் புழங்காமல் ஆறு மாதத்தில் பூட்டப்படும். எல்லோரும் புழங்கும் இடத்தைத்தான் நகரசபை பழுது பார்க்கும். தள்ளிவிடுகிற பிள்ளை ஆட்டிசம் இல்லாதவர்களிலும் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம்.

"நம் ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?" என்பதற்கும் பதில் உண்டு. இந்தியாவில் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்றது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பொழுதுபோக்கு வசதிகளை அரசு அவர்களுக்கும் எட்டச் செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. திடலுக்குச் சுரங்க நிறுவனத்தின் நிலத்தைக் கேட்டால் கோப்பு டெல்லி வரை போகும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் நகரசபையின் கையில் உள்ள ஒரு பூங்காவுக்கு வேலியும் கேட்டும் போட உள்ளூரிலேயே தீர்மானம் போதும்.