மஞ்சள் பொறியில் வர்ணம் உரியாமலிருக்க...

நீலகிரி மலைத் தோட்டங்களில் அசுவினி, வெள்ளை ஈ, இலைத்துளைப்பான் ஈ போன்ற சிறு பூச்சிகளைக் கவர்ந்து பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைக்கப்படுகின்றன. பழைய எண்ணெய்க் கேனையோ வாளியையோ அறுத்து, மஞ்சள் வர்ணம் பூசி, மேலே விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் மாட்டிவிட்டால் பொறி தயார். பூச்சியின் வரவைக் கண்காணிக்க ஏக்கருக்கு ஐந்து பொறிகள் போதும். செலவு குறைவு. ஆனால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வர்ணம் தோல் தோலாக உரிந்துவிடுகிறது என்ற குறை பல ஊர்களில் கேட்கப்படுகிறது. வர்ணம் மட்டம் என்று கடைக்காரரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பூசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை விட்டுப்போவதுதான் பெரும்பாலும் காரணம்.

இது அழகு பற்றிய விஷயமன்று. மஞ்சள் நிறத்தைத் தளிர் இலை என்று எண்ணித்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் வந்து இறங்குகின்றன. மஞ்சள் உரிந்து உள்ளிருக்கும் கறுப்போ வெள்ளையோ தெரிந்தால் கவர்ச்சி குறையும். பொறியில் பூச்சி இல்லையே என்று உழவர் ஏமாந்திருக்க, உருளைக்கிழங்குச் செடியில் அசுவினி பெருகி, நச்சுயிரி நோயைச் செடிக்குச் செடி பரப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பழைய மஞ்சள் எனாமல் வர்ணங்களில் ஈயம் சேர்ந்த நிறப்பொருள் மிகுதியாக இருந்தது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கி மூலையில் கிடக்கும் டப்பாவைப் பொறிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். உரிந்த சில்லுகள் கேரட் பாத்தியில் விழுந்தால் பொறுக்கி எடுக்க முடியாது. கோழியும் கொத்தும். புதிய டப்பாவிலும் ஈய அளவு பற்றிய குறிப்பைப் படித்துப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஏன் ஒட்டுவதில்லை?

எண்ணெய்க் கேனும் வாளியும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இவற்றின் மேற்பரப்பு மெழுகு போன்றது. சேப்பங்கிழங்கு இலைமேல் நீர் நிற்பதுபோல, இதன்மேல் வர்ணமும் ஒட்டாமல் நிற்கும். மேலும், வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். உறைபனி பெய்த காலையில் சுருங்கி, நண்பகல் வெயிலில் விரியும் பொருளின்மேல், காய்ந்து கெட்டியான எனாமல் எப்படி நிற்கும்? விரிசல் விடும், விரிசலில் பனிநீர் புகும், பிறகு உரியும். மேலைநாடுகளில் நீர்நிலைகளில் வாத்துகளை ஏமாற்றி வரவழைக்கப் பிளாஸ்டிக் வாத்துப் பொம்மைகளை மிதக்க விடும் வேட்டைக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்கள் கையாளும் மாற்றே நமக்கும் பொருந்தும்.

பிளாஸ்டிக் எது என்று அறிய, ஒரு துண்டை வெட்டி நீரில் போடவும். மிதந்தால் மேற்சொன்ன வகை. மூழ்கினால் வர்ணம் எளிதில் பிடிக்கும் வேறு வகையாக இருக்கலாம். பூச்சிமருந்து வந்த கேனை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது.

பூசும் முறை

கேனைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நல்ல நீரில் அலசி, நன்கு உலர்த்தவும். பிறகு நடுத்தர உப்புத்தாளால் பளபளப்பு முழுதும் மங்கும்வரை தேய்க்கவேண்டும். இந்த வேலையில் சோம்பல் கூடாது. ஓரங்களையும் மடிப்புகளையும் விட்டுவிட்டால் உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். தூசியைத் துடைத்தபின், கார் பம்பருக்கு வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிதாக ஒரு பூச்சு கொடுக்கவும். கார் வர்ணக் கடைகளில் இது கிடைக்கும். சுவருக்கும் மரத்துக்கும் உரிய பிரைமர் இதற்கு உதவாது.

பிரைமர் கிடைக்காவிடில், ஊதுவிளக்கின் நீலச் சுடரின் நுனியை மேற்பரப்பில் ஓரிடத்தில் நிற்காமல் விரைந்து ஓட்டலாம். பிளாஸ்டிக் உருகவோ நெளியவோ கூடாது. பக்குவம் அறிய ஒரு சொட்டு நீர் விடவும். முத்தாக உருண்டால் போதாது, பரவினால் சரி. அந்த இடத்தைக் கையால் தொடாமல் அன்றே வர்ணம் பூசிவிடவேண்டும். தின்னர், பெட்ரோல் அருகிலிருக்கும் இடத்தில் சுடர் வேலை கூடாது.

வர்ணத்தைக் கனமாக ஒரே பூச்சாகப் பூசுவது தவறு. மெல்லிய இரு பூச்சுகளே நல்லது. காய்ந்த பின்னும் சற்று வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் வர்ணம் எனாமலைவிட மேல். மூடுபனியில் பூசினால் எல்லாப் பாடும் வீண். ஆதலால், கார்போகத்துக்கு வேண்டிய பொறிகளை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில், முற்பகல் வெயில் ஏறியபின் பூசி, ஒரு வாரம் நிழலில் இறுகவிட்ட பிறகே எண்ணெய் தடவவேண்டும்.

எல்லாவற்றையும் பூசுமுன் ஒன்றில் சோதித்துக் கொள்ளலாம். இறுகிய வர்ணத்தில் பிளேடால் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்கவும். கட்டங்கள் நாடாவோடு வந்தால், தேய்த்தது போதவில்லை என்று பொருள்.

இத்தனை வேலை எதற்கு என்போருக்கு ஒரு வழி உண்டு. உள்ளும் புறமும் மஞ்சளாகவே வார்த்த வாளி அல்லது தட்டை வாங்கிப் பயன்படுத்தலாம். அதில் உரிய ஒன்றுமில்லை. கையில் பழைய கேன் இல்லாதவருக்கு இதுவே என் சிபாரிசு.

பொறியைச் சுத்தம் செய்யும்போது மண்ணெண்ணெய், தின்னர், கத்தி மூன்றும் ஆகா. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழந்துணியால் துடைத்து, உலர்ந்தபின் புதிதாக எண்ணெய் தடவினால் போதும். ஓரம் தூக்கிய பொறியை உடனே தோட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய வர்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும். நனைத்துத் தேய்த்து, வழிந்ததைக் காகிதத்தில் சேர்த்துக் கட்டவும். ஓடையில் கொட்டக்கூடாது.