முதுமைத் தளர்ச்சியும் புரதச் சத்தும்

விடுமுறைக்கு ஊர் சென்று டில்லிக்குத் திரும்பும் மாணவர்கள் தம் வீட்டு முதியோரைப் பற்றிக் கூறும் செய்தி பெரும்பாலும் ஒரே வகையினதாக இருக்கும். "தாத்தா போன வருஷத்தைவிட மிகவும் இளைத்துவிட்டார், கேட்டால் வயதாகிவிட்டது என்கிறார்கள்" என்பர். வயதாவது உண்மையே. ஆனால் இளைப்பு முழுவதையும் வயதின் கணக்கிலே எழுதிவிடலாமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 60 வயது நிரம்பியோர் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். ஆதலின் இது யாரோ சிலரைப் பற்றிய பேச்சன்று. நம் ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் இருப்பவரைப் பற்றியது.

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. எண்பது வயதில் கிணற்று நீர் இறைப்பவரும் உண்டு. அறுபத்தைந்தில் கைத்தாங்கல் இன்றி எழ இயலாதவரும் உண்டு. இவ்வேறுபாட்டை அளந்து கூற, லிண்டா ஃபிரீட் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். தாமாக முயலாமலே எடை குறைதல், எப்போதும் களைப்பு, கைப்பிடியில் வலுக் குன்றல், நடை மந்தமாதல், உடலுழைப்புச் சுருங்குதல் என்பன அவை. மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் தளர்ச்சி; ஒன்றோ இரண்டோ இருப்பின் அதன் வாயில் என்க. இந்த ஐந்தில் பலவற்றின் அடியிலும் இருப்பது தசை தேய்தல். அதற்கு 'சார்கோபீனியா' என்று 1989இல் பெயரிட்டவர் இர்வின் ரோசன்பர்க். கிரேக்கச் சொல், 'சதைக் குறைவு' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தசையை நாம் உடலை அசைக்கும் கருவியாக மட்டுமே எண்ணுகிறோம். அது ஒரு களஞ்சியமும் ஆகும். காய்ச்சல் வந்தாலும், எலும்பு முறிந்தாலும், அறுவை நிகழ்ந்தாலும், புண் ஆறுவதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் வேண்டிய அமினோ அமிலங்களை உடல் தசையிலிருந்தே கடனாக எடுக்கிறது. இளைஞனின் உடல் அக்கடனைச் சில வாரங்களில் அடைத்துவிடும். முதியவர் உடலோ அடைக்க நெடுநாள் ஆகும். பாதியில் மற்றொரு நோய் வந்தால் கடன் மேல் கடன். இதற்குக் காரணம், உண்ட புரதத்தைக் கொண்டு புதுத் தசை கட்டும் ஆற்றல் வயது ஏற ஏற மந்தமாவதே. ஒரு வேளை உணவில் உடல் எடைக் கிலோவுக்கு ஏறத்தாழ கால் கிராம் புரதம் இருந்தாலே இளைஞனின் தசை முழு வேகத்தில் வேலை செய்யும். முதியவருக்கு 0.4 கிராம் வேண்டும். அதாவது அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் நாம் அவர்களுக்குக் குறைவாகப் பரிமாறுகிறோம்.

இவ்விடத்தில் நம் நாட்டு ஆராய்ச்சி வரலாறு ஒன்றை நினைவு கூர்தல் பொருத்தமாகும். இந்தியாவின் உணவாராய்ச்சி நம் நீலகிரியிலே, குன்னூரில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்பவரால் ஒற்றை அறையில் தொடங்கப்பட்டது. அது வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக விளங்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். பின்னர் டில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். 2019இல் தம் நூறாம் வயதில் மறைந்தார்.

அவர் காலத்தில் உலகெங்கும் 'புரதப் பஞ்சம்' என்ற கூக்குரல் இருந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகள் மெலிவதற்குப் புரதக் குறைவே காரணம் என்றும், மாவுகளும் பொடிகளும் அனுப்பினால் தீரும் என்றும் பெரிய அவைகள் பேசின. 1968இல் ஐக்கிய நாடுகள் சபையே வரவிருக்கும் புரத நெருக்கடி பற்றி அறிக்கை வெளியிட்டது. பி. வி. சுகாத்மே போன்ற நம் அறிஞர்கள் கணக்கிட்டுப் பார்த்து, குறை புரதத்தில் அன்று, மொத்த உணவில் என்றனர். கோபாலனும் அவர் குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உணவுக்கு மேல் முக்கியமாகக் கலோரியையே கூட்டிக் கொடுத்தபோது குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். வயிறார உண்டால் சோற்றோடு பருப்போடு புரதமும் தானே வந்து சேரும் என்பது இதன் கருத்து. என் எண்ணத்தில், வெளிநாட்டு டப்பாக்களுக்கு நம் நாட்டார் தந்த மிகத் தெளிவான விடை இதுவே.

ஆனால் அந்த விடையிலேயே முதியோரின் இடர் ஒளிந்திருக்கிறது. வயலில் உழைப்பவர் நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி உண்டால் அதிலேயே 40 கிராம் அளவு புரதம் கிடைத்துவிடும். பாட்டி உண்ணும் 125 கிராம் அரிசியில் கிடைப்பது 10 கிராம். அவருக்கு உழைப்புக் குறைந்தது, பசி குறைந்தது, சோறு குறைந்தது. சோற்றைத் தொற்றிக்கொண்டு வந்த புரதமும் உடன் குறைந்தது. தேவையோ குறையவில்லை. எனவே குழந்தைக்கு 'நிறையக் கொடு' என்பது மருந்தானால், முதியவருக்குக் 'கொஞ்சத்திலேயே செறிவாகக் கொடு' என்பதே மருந்தாகும்.

புரதத்தின் தரமும் கருதத் தக்கது. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மிகுதி. வளர்ந்தவருக்கு லைசின் எவ்வளவு வேண்டும் என்பதை 1985இல் உலக அவைகள் எடைக் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்று வைத்திருந்தன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் முதலியோர் இந்தியரிடையே செய்த ஆய்வுகளும் துணைநிற்க, 2007இல் அது 30 மில்லிகிராமாக உயர்ந்தது. வெறும் ரசஞ்சோறு உண்பவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு, எடைக் கிலோவுக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று 2013இல் பல நாட்டு அறிஞர் குழு ஒன்று கூறியது. 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு அது 50 முதல் 60 கிராம். அவர் தட்டைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, சட்னி, சாம்பார், ஒரு காப்பி: சுமார் 11 கிராம். பகலில் 75 கிராம் அரிசிச் சோறு, ஒரு கரண்டி சாம்பாரில் 20 கிராம் பருப்பு, ஒரு காய், மோர்: 14 கிராம். மாலைக் காப்பி 3. இரவில் சிறிது தயிர்ச்சோறு: 7. ஆகக் கூடி 35. எந்த ஒரு வேளையிலும் 20 கிராமை எட்டவில்லை என்பதையும் காண்க. இது வறுமைப்பட்ட வீட்டின் உணவன்று. நம்மில் பலருடைய வீட்டு உணவு.

இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பகல் பருப்பை இரட்டித்துக் கெட்டியாக விட்டால் 4 கிராம் கூடும். மாலையில் ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். இரவுத் தயிர்ச்சோற்றுக்குப் பதில் பருப்பு நிறைந்த இரண்டு அடையும் ஒரு கிண்ணம் தயிரும் கொண்டால் மேலும் 8. கணக்கு 53 ஆகிவிட்டது. முட்டை உண்பவராயின் ஒன்றுக்கு 6. மீன் உண்பார்க்குக் கவலையே இல்லை. பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். பயத்தம்பருப்புக் கஞ்சி, பருப்புத் துவையல், பருப்பிட்டுக் கடைந்த கீரை எல்லாம் நம் அடுப்பில் உள்ளவையே. டில்லியிலுள்ள பெற்றோருக்குப் பனீரும் ராஜ்மாவும் கடைதோறும் கிடைக்கின்றன. ஆனால் மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கும் தாயார் தமக்கு மட்டும் என்று சமைப்பதில்லை. நேற்றைய ரசத்தோடு பகல் கழிகிறது. கைம்பெண்கள் இரவில் சோறு உண்ணலாகாது என்ற பழைய வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. அது எத்தனை பேரின் தசையைத் தின்றிருக்கும்!

உணவு மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோன் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 87 வயதான நூறு முதியோர் கலந்துகொண்டனர். எடை தூக்கிக் கால்களைப் பயிற்றியவரின் வலு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி இன்றி ஊட்டபானம் மட்டும் பருகியவருக்குத் தளர்ச்சி குறையவில்லை. இதன் மறுபுறத்தை 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நலமாக இருந்த முதியோர் பன்னிருவர் பத்தே நாள் படுக்கையில் கிடந்தனர். விதித்த அளவு புரதம் உண்டும், கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தனர். டில்லிக் குளிர்காலத்தில், பனியும் புகையும் சூழ்ந்த வாரங்களில், ரஜாயை விட்டு எழாத முதியோரை எண்ணிப் பாருங்கள். தரையில் அமர்ந்து உண்டு எழுந்த நம் பழக்கம் தினமும் பலமுறை கால்களுக்குப் பயிற்சி தந்தது. மேசை வந்து அதைப் பறித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. முழங்கால் இடந்தராதவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தெழுந்து அமரலாம். இதுவே ஒரு சோதனையுமாகும்: ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய அறிஞர் குழு 2019இல் வகுத்த அளவு.

எச்சரிக்கை ஒன்று. சிறுநீரக நோய் முற்றியவருக்கு மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. நீரிழிவு நெடுநாள் உள்ளவர் முதலில் சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்வது நலம். காரணமின்றி எடை குறைந்தால் அடையும் சுண்டலும் கொடுத்து நாள் கடத்தாமல் நோய் என்னவென்று பார்க்க வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவம் 1978இலேயே வி. எஸ். நடராசன் முயற்சியால் தொடங்கியது. டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அதற்கெனத் தனித் துறை உள்ளது. அங்கே செல்லும்போது, முதியவர் நாள் முழுதும் என்ன உண்டார் என்று மூன்று நாளைக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். "நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்ற விடையைக் கொண்டு எந்த மருத்துவராலும் கணக்குப் போட இயலாது.