மணிச்சத்து வேரை நாடி வருமா?

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'மத்திமம்' என்று இருக்கிறது. ஆயினும் இருபது நாள் மக்காச்சோளம் வளர்ச்சி குன்றி, அடியிலைகளின் ஓரம் ஊதா நிறமாகிறது. அட்டையும் பொய்யில்லை, பயிரும் பொய்யில்லை. சத்து மண்ணில் இருப்பது வேறு. வேரருகே வந்து சேர்வது வேறு.

தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம், பயிர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்தே வேருக்கு வந்துவிடும். மணிச்சத்துக்கு இவ்வழி போதாது. மண் கரைசலில் அது பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. எஞ்சியது செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கால்சியத்தோடும் பிணைந்து கிடக்கும். ஆகவே செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்லப் பரவியே அது வேரை அடையவேண்டும். இதனை விரவல் என்பர்.

தண்ணீர் இறைக்கும் கிணற்றை எடுத்துக்கொள்வோம். கிணற்றை ஒட்டி நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தும், விலக விலக உயர்ந்தும் சரிவாக இருக்கும். வேரைச் சுற்றி மணிச்சத்தின் செறிவும் இப்படித்தான் சரிகிறது. ஆனால் கிணற்றின் சரிவு வெகுதூரம் செல்லும். மணிச்சத்தின் சரிவோ ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ள சத்து அந்த வேருக்கு எட்டாக்கனியே. வேர்த்தூவிகளும், வேர் உட்பூசணத்தின் இழைகளும் மட்டுமே இவ்வெறும் பகுதியைத் தாண்டிச் சென்று சத்தைக் கொண்டுவரும்.

மண் காய்ந்தால் துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் மெலிந்து, இந்தக் குறுகிய வழியும் அடைபடும். நீர் கட்டிய நெல் வயலில் நிலைமை நேர்மாறு. இரும்போடு பிணைந்த மணிச்சத்து ஓரளவு விடுபடுகிறது, வழியும் தடையற்றிருக்கிறது. அறுவடைக்குப்பின் வயல் காய்ந்ததும் அது மீண்டும் பிடிபடுவதால், தரிசில் விதைத்த உளுந்து திணறும்.

யூரியாவைப்போல் சூப்பர் பாஸ்பேட்டையும் மேலுரமாகத் தூவுவோர் உண்டு. அது விழுந்த இடத்திலேயே பிடிபட்டு நின்றுவிடும், உரக்காசு வீண். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக, விதை வரிசைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், விதைக்கும் 5 செ.மீ. கீழே இடுங்கள். டி.ஏ.பி. விதையை ஒட்டி விழக்கூடாது. வெளிப்படும் அம்மோனியா முளையைக் கெடுக்கும். மானாவாரிக்கு, எக்டேருக்கு 750 கிலோ தொழுஉரத்தில் பயிருக்குரிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஒரு மாதம் மூட்டம் போட்டு இடலாம்.

நெல் தரிசு உளுந்துக்கு அடியுரமிட வழியில்லை. இலைவழியே கொடுப்பதுதான் உகந்தது. 10 லிட்டருக்கு 200 கிராம் வீதம் டி.ஏ.பி.யை முதல்நாள் சிறிது நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து, மீதி நீர் சேர்த்து, பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் மாலை வேளையில் தெளிக்கவும்.