குதிரைக் கூட்டத்தில் ஒரு பாம்பு

அன்புள்ள கயல்,

என் தோழிகள் எல்லாரும் குதிரை, நான் மட்டும் ஏன் பாம்பு என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூரில் ஜனவரியில் பிறந்த பிள்ளைகள் பலருக்கும் வருகிற சந்தேகம் இது. பள்ளியில் சேர்ப்பது ஏறக்குறைய ஜனவரி–டிசம்பர் கணக்கில். விலங்கு மாறுவதோ சீனப் புத்தாண்டில். டிசம்பர் கடைசியில் பகல் மிகக் குறுகும் நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசையில்தான் பெரும்பாலும் அந்தப் புத்தாண்டு. 2014இல் அது ஜனவரி 31. நீ 20ஆம் தேதியே பிறந்துவிட்டாய்.

விலங்குகளின் வரிசை உனக்குத் தெரியும்: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. ஆனால் இது பாதிக் கணக்குதான். மரம், தீ, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் கூடவே சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் யாங், யின் என்று இரண்டு ஆண்டுகள், ஆகப் பத்து. இந்தப் பத்தை வானத் தண்டுகள் என்றும், விலங்குகள் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு இடங்களைப் பூமிக் கிளைகள் என்றும் சொல்வார்கள். புத்தாண்டுதோறும் இரண்டு வரிசையும் ஒவ்வொரு படி நகரும்.

பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கி 120 ஜோடி என்று சொல்லிவிடாதே. இரண்டும் சேர்ந்தே நகர்வதால் ஒற்றைப்படை இடம் ஒற்றையோடும், இரட்டைப்படை இடம் இரட்டையோடும்தான் சேர முடியும். அறுபதாவது ஆண்டோடு சுற்று முடிந்துவிடும். அதனால்தான் குதிரை ஆண்டு தொடங்குவது எப்போதும் இரட்டைப்படை எண்ணில்: 2002, 2014, 2026. பாம்பு ஒற்றைப்படையை விட்டு நகராது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நீயே போட்டுப் பார். ஆண்டின் கடைசி இலக்கம் 4, 5 என்றால் மரம்; 6, 7 தீ; 8, 9 மண்; 0, 1 உலோகம்; 2, 3 நீர். ஆண்டிலிருந்து 4ஐக் கழித்து 12ஆல் வகு. மீதி 0 வந்தால் எலி, 1 வந்தால் எருது, அப்படியே வரிசையாக. பாட்டி பிறந்தது 1954 மார்ச். மீதி 6, கடைசி இலக்கம் 4. மரக்குதிரை! உன் தோழிகளும் அதேதான், சரியாக ஒரு சுற்று தள்ளி. நீ 2013இல் தொடங்கிய நீர்ப்பாம்பு.

இந்த அறுபது முதலில் எண்ணியது நாட்களை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவின் ஷாங் வம்ச அரசர்கள் காலத்தில் எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் குறி கேட்டுப் பொறித்தபோது, நாளின் பெயரை இப்படித்தான் எழுதினார்கள். 1975இல் ஹூபெய் மாகாணத்து ஷுய்ஹுடியில் சின் வம்சக் காலக் கல்லறை ஒன்றிலிருந்து மூங்கில் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் கிளைகளுக்கு விலங்குகள் உண்டு. ஆனால் இன்று குதிரை இருக்கும் இடத்தில் மான் இருக்கிறது. குதிரை ஓரிடம் தள்ளி நிற்கிறது. வியட்நாமில் இன்றும் முயலின் இடத்தில் பூனைதான். விலங்குகள் இப்படி இடம் மாறி வந்திருக்க, பாம்பில் பிறந்தவள் இப்படித்தான் இருப்பாள் என்று யாராவது சொன்னால் நீ அதை மனதில் போட்டுக்கொள்ளவே கூடாது.

அப்படி நம்பியதன் விலையை ஜப்பானில் பார்க்கலாம். தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று அங்கே ஒரு பேச்சு. 1965இல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்பு, தீக்குதிரை ஆண்டான 1966இல் சுமார் 13.6 லட்சமாகச் சரிந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் ஏறிவிட்டது. ஒரு பாவமும் அறியாத பெண் குழந்தைகள்மேல் இப்படியொரு பழி விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இந்த 2026உம் தீக்குதிரைதான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்துப் பலன் சொல்லும் சீன ஜோதிடர்கள் பலருக்கு ஆண்டு மாறுவது புத்தாண்டில் இல்லை. வசந்தத் தொடக்கம் என்று அவர்கள் சொல்லும் பிப்ரவரி 4ஐ ஒட்டி. உன் அப்பா பிறந்தது 1983 பிப்ரவரி 8. அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 13. அவருக்கு இரண்டு விலங்கு வரும். இரண்டையும் கண்டுபிடித்து, எது யார் கணக்குப்படி என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி