ஒரு சோறு பதமாகுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, தென்காசியில் கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன், தனி ஆள். மூன்று மாதங்களுக்கு முன், இரண்டு விமர்சனங்களில் புகழ்ந்திருந்ததை நம்பி, ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை ஆன்லைனில் 6,400 ரூபாய்க்கு வாங்கினேன். சின்ன ஃபைல்கள் பறக்கின்றன. ஐம்பது அறுபது ஜி.பி. தாண்டினால் கட்டை வண்டியாக ஊர்கிறது. சர்வீஸ் செய்பவர், விமர்சனத்தில் வந்தது டி.எல்.சி. சிப், உங்களுடையது க்யூ.எல்.சி. என்கிறார், மாடல் பெயர் ஒன்றேதான். விற்றவரோ, வேலை செய்கிற டிரைவில் பழுது எங்கே என்கிறார். இவர்மீது வழக்குப் போடலாமா? விமர்சனம் செய்தவர்களையும் சேர்க்கலாமா?

பதில்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம்பிக்கையின்மீதுதான் விமர்சனம் படித்துப் பொருள் வாங்கும் வழக்கமே நிற்கிறது, ஆயினும், விமர்சகர் பதம் பார்த்த பானையிலிருந்துதான் தங்களுக்கும் பரிமாறப்பட்டதா என்பதே இவ்வியவகாரத்தின் ஆதாரமான கேள்வி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 17-ஆவது பிரிவில், மாதிரி காட்டி விற்ற சரக்கு அம்மாதிரியோடு தரத்தில் ஒத்திருக்க வேண்டுமென்று விதிக்கிறது. ஆனால் மாதிரியைக் கொண்டே விற்பதாக ஒப்பந்தத்தில் வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ ஒரு நிபந்தனை இருந்தாலன்றி அவ்விதி பொருந்தாதாகையால், எவரோ ஒரு விமர்சகரின் மேஜைக்குச் சென்ற டிரைவைத் தங்களுக்குக் காட்டிய மாதிரியென்று கொள்வதற்கு நியாயமில்லை. ஆகவே, விமர்சனத்தில் கண்ட வேகம் தங்களுக்குக் கிட்டவில்லை என்ற ஒரே காரணம் வழக்குக்குப் போதாது.

எனினும், பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளீட்டை மாற்றுவது வேறு விஷயம். டி.எல்.சி. சிப்பின் ஒவ்வொரு அறையிலும் மூன்று பிட்டுகளும், க்யூ.எல்.சி.யில் நான்கும் அடங்குகின்றன. நெருக்கம் கூடக்கூட எழுதும் வேகம் குறைவதால், டிரைவின் ஒரு பகுதியை அறைக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான முன்கூடமாக உற்பத்தியாளர்கள் ஒதுக்குகிறார்கள். அது நிரம்பும்வரை இரண்டுக்கும் பேதம் தெரியாது, நிரம்பிய பின்னரே சுயரூபம் வெளிப்படும். 2021-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ப்ளூ எஸ்.என்.550 டிரைவில் சிப் மாற்றப்பட்டதும், அம்முன்கூடம் நிரம்பிய பின் எழுதும் வேகம் விநாடிக்குச் சுமார் 610 எம்.பி.யிலிருந்து 390-ஆகச் சரிந்ததும் அம்பலமானபோது, வெளியிட்ட விவரங்களைப் பாதிக்கும் மாற்றம் செய்தால் இனிப் புதிய மாடல் எண் இடுவோமென்று அந்நிறுவனமே உறுதி கூறிற்று.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு, பொருளின் தரம், சேர்மானம், மாடல் முதலியவற்றைப் பொய்யாகக் கூறுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும், 2(28)-ஆம் பிரிவு, முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறான வழியில் இட்டுச் செல்வது என்றும் கொள்கின்றன. ஆதலின் தங்கள் வழக்கின் பலம் முழுவதும் அட்டைப்பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் உள்ள வாசகங்களைப் பொறுத்தது: டி.எல்.சி. என்று அங்கே எழுதியிருந்தால் தங்கள் பட்சம் உறுதியானது. உள்ளே இன்ன சிப் என்பதைச் சொல்லாமல், ‘இவ்வளவு வேகம் வரை’ என்று மட்டும் இருந்தால், ‘வரை’ என்ற அந்த ஒரு சொல்லின் நிழலில் எதிர்த்தரப்பு ஒதுங்கப் பார்க்கும். வழக்கு நிற்பது கடினம்.

விமர்சகர்களைப் பொறுத்தமட்டில், தமக்குக் கிடைத்த டிரைவைச் சோதித்து நேர்மையாக அபிப்பிராயம் சொன்னவர், பின்னர் பிறர் செய்த மாற்றத்துக்குப் பொறுப்பாளியாகார். ஆனால் பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு அத்தொடர்பை மறைத்துப் புகழ்ந்திருந்தால், தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை மீறியவராவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான அல்லது தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரத்துக்குத் துணைநின்று பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதத் தொகை தங்கள் கைக்கு வாராது. ஆகையால் அவர்களை விடுத்து, விற்றவரையும் உற்பத்தியாளரையும் மட்டும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பதே உசிதம்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோராகார் என்ற ஆட்சேபம் எழலாம். சுயதொழிலால் ஜீவனம் நடத்துபவர் அதற்கென்றே வாங்கிய பொருளைச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. முதலில் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணிலும் முறையிடலாம். பலனில்லையெனில், தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், கட்டணமின்றி மனுச் செய்யலாம். சோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க இயலாதாயின் ஆணையம் டிரைவை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்குரிய செலவைத் தாங்கள் முன்பணமாகக் கட்ட நேரிடும்.

ரசீது, பெட்டியின் நாற்புறப் படங்கள், தேதி தெரியும்படி எடுத்த விற்பனைப் பக்கத்தின் பிரதி ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் நாளையே மாறக்கூடும். ஸ்டிக்கரைக் கிழித்துச் சிப்பைப் பார்க்கச் சர்வீஸ்காரரை அனுமதிக்க வேண்டாம். அந்தக் கிழிசலே எதிர்த்தரப்பின் முதல் சாட்சியமாகிவிடும்.